கடிக்காத ஸ்பைக்ஸ்

ரஞ்சனிக்கு நாற்பத்து மூன்று வயது. குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய அப்பா தங்கவேலு இலங்கையிலிருந்து திரும்பிவந்து அதே எஸ்டேட்டில் வேலை செய்தவர்.

பள்ளியில் ரஞ்சனி எண்ணூறு மீட்டர் ஓடுவாள். கூடப் படித்த தபித்தாள் இருநூறு. பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஜோடி ஸ்பைக்ஸ், அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி. தபித்தாள் ஓடி முடித்துப் புல்லில் உட்கார்ந்து கழற்றுவாள். சூடு ஆறும் முன்பே ரஞ்சனி மாட்டிக்கொள்வாள். மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அந்த வருடமே அப்பா முதுகில் அடிபட்டுப் படுத்துவிட, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓட்டமும் நின்றது.

போன ஆண்டு தபித்தாளிடமிருந்து போன் வந்தது. அவள் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"கோயம்புத்தூர்ல நாப்பது வயசு தாண்டினவங்களுக்குப் போட்டி வைக்கிறாங்க. ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

"உனக்கென்னடி பைத்தியமா?" என்றாள் ரஞ்சனி. ஆனால் மறுநாள் காலையிலேயே லயத்தை, எஸ்டேட் வீட்டு வரிசையை, சுற்றி ஓடிப் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து இருவரும் ஊட்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஆறுச்சாமி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க அம்மணி, மண்ணுல ஓடறீங்களா, ரப்பர் மாதிரி சிந்தடிக் தரையிலீங்களா?"

"சிந்தடிக்."

"அப்பச் சின்ன ஆணி போதுமுங்க."

தபித்தாளுக்கு விறைப்பான அடி கொண்ட ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரஞ்சனிக்குக் குதிகாலில் கொஞ்சம் மெத்தை வைத்தது. அவள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சரியா இருக்குங்க."

ஆறுச்சாமி குனிந்து நுனியை அமுக்கினார். "விரல் மடங்கிக் கெடக்குதுங்க. எதுக்குங்க சரியா இருக்குதுங்கறீங்க?"

"ஸ்பைக்ஸ்னா கடிக்கத்தானே செய்யும்?"

சிரிக்கப் போன தபித்தாள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப ஸ்கூல்ல போட்டது உனக்குக் கடிச்சுதா?"

"நகமே விழுந்துச்சு."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா வெறுங்காலோட ஓடுன்னு சொல்லியிருப்பாங்க. உன்னை மாதிரி அதைப் போட்டு ஓடணும்னு எனக்கு ஆசை."

தபித்தாள் அவள் தோளில் கை வைத்தாள்.

"கொழுந்து பறிக்கறவங்களுங்களா? எத்தன வருசம் சரிவுல நின்னுருக்கறீங்க, பாதம் அகண்டுபோச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆறுச்சாமி இரண்டு காலையும் அளந்தார். இடது கால் சற்றுப் பெரிது. அதற்குப் பொருந்துகிற அளவையே எடுத்தார். இம்முறை விரல்கள் நீண்டு படுத்தன, குதிகாலும் வழுக்கவில்லை. கடைக்குள் நாலடி நடந்த ரஞ்சனிக்குக் கண் கலங்கியது.

போட்டியில் இருநூறில் தபித்தாள் மூன்றாவது, எண்ணூறில் ரஞ்சனி நான்காவது. கடைசி வளைவில் மூச்சு முட்டியபோதும் கால் மட்டும் வலிக்கவில்லை.

திரும்பும் பஸ் பர்லியாரைத் தாண்டியதும் குளிர் ஏறியது. பள்ளி நாளில் தங்களோடு ஓடிய பெண்களை இருவரும் ஒவ்வொருவராக நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்கள். அந்த மாவட்டப் போட்டியில் ரஞ்சனியை முந்தி முதலாவதாக வந்த பியாட்ரிஸ் இப்போது மசினகுடியில் ஒரு விடுதியில் சமைக்கிறாளாம்.

"நம்பர் இருக்காடி?" என்று கேட்டாள் ரஞ்சனி.