தென்கரைக்குப் போன மேடை

எங்கள் நாடக விழாக்குழு அஞ்சலை என் உரக்கடை வாசலில் வந்து நின்றபோது, கலப்பட விதை கொடுத்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்த ஒருவரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, கடைய சாத்துங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "திருக்காட்டுப்பள்ளியிலேருந்து ஆள் வந்துச்சு. நர்சம்மா போயிட்டாங்க." எனக்குக் கோபம்தான் வந்தது. நாடக விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை, போவதற்கு இதுவா நேரம்? அந்தக் கோபத்தை அஞ்சலையிடமே கொட்டினேன். அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினார். கடைசிப் பலகையை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சண்டைக்கு வந்தவரும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்ததும் நர்சம்மாதான்.

தையல்நாயகி அம்மா எங்கள் ஊருக்கு அரசாங்க நர்ஸாக வந்தவர். எங்கள் கோடை நாடக விழாவைத் தொடங்கியவர். ஆனால் நடிப்பு அவருக்கு அறவே வராது. ஒரு தடவை நடிகை வராமல் போனதால், "உள்ள வாங்க மாமா" என்ற ஒற்றை வசனத்துக்காக அவரை ஏற்றிவிட்டோம். ஊசி போட ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, அவரும்தான். "இதோட எனக்கு ரிட்டையர்மென்ட்டு" என்று இறங்கியவர் பிறகு மேடைப் பக்கமே கால் வைக்கவில்லை. மேடைக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் அவர்தான் செய்தார்.

விழாவைக் கோடையில் வைத்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அறுவடை முடிந்து, உளுந்தும் எடுத்த பிறகு, தண்ணீர் வருகிறவரை எங்கள் பக்கத்தில் யாருக்கும் வேலை இருக்காது. ஆற்றில் வைத்தது மட்டும் அவருடைய யோசனை. அப்போது ஆட்சி மாறியிருந்தது. உழுதவனுக்கு நிலம் என்று எல்லா மேடையிலும் முழங்கினார்கள். வயலில் வேறு கதை நடந்தது. வேலையாட்கள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்வார்கள், அதை உடைக்கப் பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், ஊர் ரெண்டுபடும். வடகரையில் கோயில், பெரிய பண்ணை வீடு, எங்களைப் போன்ற சின்ன விவசாயிகள். தென்கரையில் பண்ணை வேலைக்காரர்களின் குடிசைகள். அந்தக் குடிசைகள் நின்ற மண்ணும் பண்ணையின் பட்டாதான். வடகரையில் நாடகம் போட்டால் தென்கரை ஜனத்தை உள்ளே விடமாட்டார்கள், தென்கரையில் போட்டால் வடகரை வராது. நாங்கள் பேசிப் பேசி ஓய்ந்தபோது அவர் சொன்னார்: "ஆத்துக்கு யாரும் இன்னும் பட்டா வாங்கலையே. மணல்ல போடுங்க."

வறண்ட ஆற்றின் நடுவில் மூங்கில் மேடை போட்டோம். முன்னாலும் திறப்பு, பின்னாலும் திறப்பு. வடகரைச் சரிவில் ஒரு ஜனம், தென்கரைச் சரிவில் ஒரு ஜனம். நான் ராஜா வேஷக்காரன். ராஜா முதுகைக் காட்டுவானா? எகிறினேன். "ராஜபார்ட்டு, ரெண்டு பக்கமும் ஜனம் இருந்தா சுத்திச் சுத்தி நடிங்க. கால் என்ன வாடகைக்கா எடுத்திருக்கீங்க?" என்றார். கடைசிவரை என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவரோடு எனக்குச் சண்டை. எல்லா ஊரிலும் புதுக் குழுவை வெளிச்சம் மங்காத நேரத்தில், ஆள் சேராதபோது ஏற்றிவிட்டு, பெரிய நடிகர்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டார். பழைய ஆட்கள் முதலில் ஏற வேண்டும். கும்பகோணம் கல்லூரிப் பிள்ளைகள், முத்துப்பேட்டை மீன்பிடி வாலிபர்கள் என்று சபாவோ கட்சியோ பின்னால் இல்லாத புதுக் குழுக்கள் ஜனம் நிரம்பிய பிறகு வரும். கிரீடத்தோடு நான் காலி மணலைப் பார்த்துக் கர்ஜிப்பேன். நாலு ஆடு மட்டும் நின்று கேட்கும். "என்னம்மா இது அநியாயம்?" என்றால், "கூட்டம் சேர்க்கிறது பழைய ஆளோட வேலை. சேர்ந்த கூட்டத்துல நிக்கிறது புது ஆளோட பங்கு" என்பார். ஆளுங்கட்சிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு கொடி கட்ட வந்தபோதும் அப்படித்தான். "காத்துல படபடன்னு அடிக்கும், வசனம் காதுல விழாது" என்று இரண்டையும் அவிழ்க்க வைத்தார்.

இனி மேடை தென்கரைக்குப் போன அந்தக் கோடைக்கு வருகிறேன். அஞ்சலையும் தென்கரைப் பெண்கள் சிலரும் முதன்முறையாக ஒரு நாடகம் கொண்டுவந்தார்கள். நடவு வயலில் குனிந்தபடியே பேசிப் பேசிச் சேர்த்த நாடகம். குடிசையைக் காலி செய் என்று சொல்லப்பட்ட ஒரு பெண், தன் வீட்டுத் தட்டிக் கதவைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு, இதை எங்கே மாட்டுவது என்று ஊரெல்லாம் கேட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை. கூலிப் போராட்டத்தில் நின்றதற்காக அஞ்சலையின் குடிசையைத்தான் பண்ணை அப்போது காலி செய்யச் சொல்லியிருந்தது. அவர் மேடைக்குக் கொண்டுவந்ததும் அதே குடிசையின் கதவுதான்.

அந்த ஆண்டு விழா தள்ளிப்போய், மேட்டூர் அணையைத் திறந்த பிறகு வந்தது. நாங்கள் யாருமே பதறவில்லை. கடைமடைக்காரன் கவலைப்படுவானா? "நம்ம ஊருக்கு என்னைக்குய்யா தண்ணி நேரத்துக்கு வந்திருக்கு?" என்று சிரித்தபடி மணலில் மூங்கில் நட்டோம். அஞ்சலையின் நாடகம் இருந்த அன்று பிற்பகல், மேற்கே ஒரே கூச்சல். நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் வருகிறது! ஆயுசுக்கும் தாமதமாக வந்த தண்ணீர், அன்று பார்த்து முன்கூட்டியே வந்து தொலைத்தது. திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டு கரைப் பெண்களும் ஓடிவந்து மஞ்சளும் பூவும் போட்டார்கள். நாங்கள் கணுக்கால் தண்ணீரில் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு நின்றோம்.

பண்ணையின் காரியக்காரர் குடையோடு வந்தார். "நர்சம்மா, ஐயா கோயில் வாசல்ல போட்டுக்கச் சொல்லிட்டாங்க. கரண்ட்டு, பெஞ்சு எல்லாம் தர்றாங்க. அந்தக் கதவு நாடகம் மட்டும் வேணாமாம்."

"அது இன்னைக்கு ஆடுறதுங்க. தென்கரையில போட்டுக்கறோம்."

"அது யாரு எடம்னு தெரியும்ல? நீங்க கவர்மென்ட்டு உத்தியோகம். ஐயா ஒரு வார்த்தை சொன்னா எங்க தூக்கிப் போடுவாங்களோ."

"எந்த ஊர்ல போட்டாலும் பிள்ளை பொறக்கும்ங்க. ஐயாகிட்ட சொல்லுங்க, வந்தா நல்ல பாயா போட்டு வைக்கிறோம்."

நர்சம்மா எங்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? தூக்குங்க" என்றார். புடவையைச் செருகிக்கொண்டு முதல் மூங்கிலை அவரே தோளில் வைத்தார்.

சாயங்காலம் தென்கரையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி மேடை நின்றது. வழக்கப்படி முதலில் நான். தென்கரை ஜனம் எதிரே உட்கார்ந்திருந்தது. வடகரை ஜனம் அந்தப் பக்கமே நின்றது. தென்கரைத் தெருவுக்குள் அதுவரை அவர்களில் யாரும் கால் வைத்ததில்லை. என் வசனம் அவர்கள் காதில் விழுந்திருக்காது. பிறகு கதவோடு அஞ்சலை ஏறினார். இந்தப் பக்கம் கேட்டார்: "என் கதவ எங்க மாட்டுறது?" அப்புறம், மணல் மேடையில் பழகியபடியே, சுழன்று ஆற்றைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே எட்டும்படி தொண்டை கிழியக் கேட்டார்: "சொல்லுங்கய்யா! என் கதவ எங்க மாட்டுறது?"

எதிர்க்கரையிலிருந்து ஒரு குத்தகை விவசாயி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழம். அவர் பின்னால் இன்னும் சிலர், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண், என் சொந்த அண்ணன். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று புளுக மாட்டேன். பாதிக்கு மேல் அங்கேயே நின்றது, காரியக்காரர் குடையோடு. வந்தவர்கள் ஈர வேட்டியோடு பாயில் உட்கார்ந்தார்கள். நர்சம்மா நகர்ந்து இடம்விட்டார். நாடகம் முடிந்ததும் அந்தக் கதவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அஞ்சலை குடிசையில் திரும்ப மாட்டினோம். கட்டுக்கயிற்றை இறுக்கியது அந்தக் குத்தகைக்காரர்தான். அதைப் பிடுங்க அப்புறம் யாரும் வரவில்லை. பின்னால் சட்டம் வந்தது, தென்கரைக்கு மனைப்பட்டாவும் வந்தது.

நர்சம்மாவுக்கு மாற்றல் அந்த மாதமே வந்துவிட்டது. மேற்கே, திருக்காட்டுப்பள்ளிக்கு. பஸ் ஏற்றிவிடப் போன நான் பண்ணையைக் கண்டபடி ஏசினேன். அவர் ஜன்னல் வழியே சிரித்தார். "தண்ணி முதல்ல வர்ற ஊருக்குல்ல மாத்தியிருக்காங்க! இனிமே கிளம்பினா உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். சொல்லி அனுப்பறேன், மணல்ல தைரியமா போடுங்க." சொன்னபடியே செய்தார். ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்ட பிறகும், ஒவ்வொரு கோடையிலும் தஞ்சாவூரில் பஸ் மாறி வந்து, கடைசி மூங்கிலைப் பிடுங்கிய பிறகுதான் ஊர் திரும்புவார்.

காரியம் முடிந்த மறுநாள் விழாக்குழு கூடியது. இந்த ஒரு வருஷம் நிறுத்திவைக்கலாமே என்று ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். "நிறுத்திட்டு அவங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?" என்றார் அஞ்சலை. செத்துப் போனவர் முகத்தில் முழிப்பதைப் பற்றி யாரும் மறுத்துப் பேசவில்லை. தேதி குறித்தாயிற்று. இந்த வருஷம் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு புதுக் குழு வருகிறது, இதுவரை எந்த மேடையும் ஏறாதவர்கள். ஜனம் நிரம்பியிருக்கும் நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டோம்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்த முதல் ஆட்டத்தைத்தான். எத்தனை வருஷம் அதற்காக அவரோடு மல்லுக்கு நின்றேன்! இப்போது யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டேன். முழங்கால் வலிக்கிறது, கிரீடம் தலையில் நிற்பதில்லை. பரவாயில்லை. வெயில் இறங்குமுன் ஏறி, ஆடுகளைப் பார்த்துக் கர்ஜிப்பேன். சுற்றிச் சுற்றி நடிப்பேன். இரண்டு கரையிலிருந்தும் ஜனம் இறங்கி வந்து மணல் நிரம்புகிற வரைக்கும் நான் மேடையை விட்டு இறங்கப்போவதில்லை, நர்சம்மா.