பாட்டில் இல்லாத ‘தொம்’

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தது. கூடவே, பேஸ் எனும் கனத்த அடிச்சத்தத்துக்கென்றே ஒரு சப்-ஊஃபர். அதை ஹால் மூலையில் உட்காரவைத்து, பேஸ் குமிழை முழுசாகத் திருகிவிட்டார் என் கணவர். தொம்... தொம்... ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். மூலையில் வைத்தால் பேஸ் தானாகவே கூடிவிடும், குமிழை நடுவிலேயே விடுங்கள், கூட்டாமல் குறைக்காமல் ஃப்ளாட்டாக வைத்தால்தான் பாட்டில் உள்ளது உள்ளபடி கேட்கும் என்று. யார் கேட்டது? காசு கொடுத்து வாங்கியது அதிர வேண்டாமா என்பது இவர் கட்சி.

முதல் பாட்டு முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா முகம் வெளுத்து வாசலில் நின்றார்.

“சத்தம் கேட்டுச்சாம்மா? எந்தப் பக்கம்னு தெரியலையே.”

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ‘தொம்’ என்று கேட்டால் எங்களுக்குக் கைவேலை நின்றுவிடும். எந்தப் பட்டாசுக் கம்பெனி வெடித்ததோ என்று தெருவுக்கு வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். அப்புறம் அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களுக்குப் போன். என் தம்பி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அதனால் என் கண் முதலில் அந்தப் பக்கம்தான் போகும்.

எங்கள் ஸ்பீக்கர்தான் அது என்று சொல்லிச் சிரித்தோம். ஜமீலா அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் அந்தச் சத்தம் சீக்கிரமே பழகிவிட்டது... அதுதான் வினை.

வியாழக்கிழமை மதியம். இவருக்கு லீவு. ஹாலில் பாட்டு, அடுப்படியில் நான். திடீரென்று பெரிதாக ஒரு ‘தொம்’. அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. “கொஞ்சம் குறைங்களேன்” என்று கத்திவிட்டுப் புளியைக் கரைக்கப் போய்விட்டேன்.

பாட்டு ஓய்ந்த பிறகுதான் தெருப் பேச்சு காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் தெருவே வெளியில் நிற்கிறது. எல்லோர் முகமும் நாரணாபுரம் பக்கம். ஜமீலா அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒனக்குக் கேக்கவே இல்லையா? தம்பிக்குப் போன் போட்டியா?”

போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடித்து ஓய ஓய மறுபடி போட்டேன். தம்பி முகத்தைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. இவரோ பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தம்பியே கூப்பிட்டான்.

“எக்கா, இங்கன ஒண்ணும் இல்ல. கல்குவாரில வெடி வச்சிருக்காக.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் விடவில்லை.

“சத்தம் கேட்டா எப்பவும் ஒன் போன்தான் மொதல்ல அடிக்கும்னு கேட் வாட்ச்மேன் அண்ணன் சொல்வாரு. இன்னிக்கு எல்லார் போனும் அடிச்சு ஓஞ்சப்புறம்தான் ஒன்னுது அடிச்சுச்சாம். ஏங்க்கா, ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?”

பேஸைக் கூட்டி வைத்திருந்தோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?

இவரே சப்-ஊஃபரை மூலையிலிருந்து இழுத்து நகர்த்தினார். குமிழை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இப்போது பாட்டு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. இருக்கட்டும். பாட்டில் இல்லாத ‘தொம்’ ஒன்று கேட்டால், முதல் போன் என்னுடையதாக இருக்கும்.