பார்சல் பந்தி

காலை ஏழு மணிக்குச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதுமே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினேன்.

"யாரு வீட்டுக்கு?"

"ஜரினா டீச்சர் வீட்டுக்கு."

கண்ணாடியில் என் பொட்டைப் பார்த்தார். "சொந்தமா?"

"கூடப் படிச்சவ."

"நீங்க எந்த ஊரு?"

"சென்னை."

"அது சரி. சொந்த ஊரு?"

"அதுவும் சென்னைதாங்க."

மனிதருக்குத் திருப்தியில்லை. அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் என்று துருவிக்கொண்டே வந்தார். நான் எந்தச் சாதி என்பதைத்தான் இத்தனை வழியாகச் சுற்றிக் கேட்கிறார் என்பது எனக்கு உறைப்பதற்குள் ஜரினாவின் வீடே வந்துவிட்டது.

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்ற நகர் அது. எல்லாச் சாதியும் மூன்று மதமும் அக்கம்பக்கத்தில் வீடு கட்டிக் குடியிருக்கின்றன. ஜரினா அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். "பெருநாளு, பொங்கல், கிறிஸ்மஸ், எல்லாத்துக்கும் வாட்ஸ்அப்ல வாழ்த்து வந்து குவியும். ஆனா ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் கை நனைக்க மாட்டாவ. ஒரு நாளாவது எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வைக்கணும்னுதான் இந்த விருந்து. நீ பாத்துட்டு உன் பத்திரிகையில நாலு வரி எழுது" என்றாள்.

பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே மாரிச்செல்வி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். இத்தனை வருடம் ஒரு பிரியாணி மாஸ்டரிடம் கையாளாக வேலை செய்தவள், இப்போது தனியாகத் தொழிலில் இறங்கியிருக்கிறாள். அவளுக்கு இதுதான் முதல் ஆர்டர். குளத்துக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. தென்மாவட்டங்களில் காலனி என்று சொன்னால் போதும், தலித் மக்களின் இடம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பளபளவென்று புது அண்டாக்கள். பாத்திரக்கடையில் பேர் வெட்டுவார்களே, அதைப்போல ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'மாரிச்செல்வி சமையல்' என்று கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது.

"இவ்ளோ பெருசாவா?" என்றேன்.

"கண்ணுல படணும்லாக்கா! இன்னைக்கு இந்த நகர்க்காரவிய உக்காந்து சாப்பிட்டுட்டா போதும். நாளைக்கு விசேஷ வீட்டுக்குக் கூப்பிடுவாவ. இல்லன்னா மறுபடியும் அடுத்தவன் அண்டாவத்தான் நான் கழுவணும்."

பன்னிரண்டரைக்குக் கூட்டம். சங்கத் தலைவர் சண்முகம் அண்ணாச்சி, ஹார்டுவேர் கடைக்காரர், ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். அடேயப்பா, என்ன பேச்சு! நானே கைதட்டினேன். பேசி முடித்து இறங்கியவர் நேராக அடுப்படிக்குப் போனார்.

"எனக்கு ஒரு பார்சல் போட்டுரு தாயி. கடையில சரக்கு எறங்குது."

அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டில் கேஸை அணைக்கவில்லையாம். இன்னொருவருக்கு விரதமாம், பிள்ளைகளுக்காகப் பார்சலாம். ஒவ்வொருவராக வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கமகமவென்று இருக்கிறது என்று பாராட்டி, பையை நீட்டினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. பந்தியில் ஜரினா குடும்பமும் புதிதாகக் குடிவந்த ஓர் இளம் தம்பதியும்தான். வாழையிலைகள் காற்றில் சுருண்டுகொண்டிருந்தன. இதை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்று எழுதுவதா?

மாரிச்செல்வி கரண்டியோடு என்னிடம் வந்தாள். "அக்கா, வீட்டுல போயி சாப்பிடுவாவளா, இல்ல நாய்க்கு வச்சிருவாவளா?"

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானும் பார்சல்தான் கேட்பதாக இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. இலை முன்னால் உட்கார்ந்தேன், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், பஸ்ஸை விட்டேன். பிரியாணி பிரமாதம். கிளம்பும்போது தன் போன் நம்பரைக் கொடுத்தாள். "யாராவது சாப்பிட்டாவன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

மூன்றேகாலுக்கு ராஜபாளையம் பஸ் கிடைத்தது; அங்கிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ். எங்கள் சென்னை அடுக்ககத்தில் இந்தக் கண்றாவியெல்லாம் கிடையாது என்று ஜன்னலோரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் யார் வீட்டிலும் இதுவரை கை நனைத்ததில்லை என்பது கொஞ்ச தூரம் போனபிறகுதான் உறைத்தது.

எங்கிருந்தோ பிரியாணி வாசனை. திரும்பினால், எதிர்வரிசை சீட்டில் சண்முகம் அண்ணாச்சி! பார்சலின் ஒரு மூலையைப் பிரித்துக் கறித்துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புரைக்கேறிவிட்டது.

"கடையில சரக்கு எறங்குதுன்னீங்க?"

"கரிவலத்துல மக வீடு. மருமகனுக்குப் பிரியாணின்னா உசிரு. வாடையே ஆளத் தூக்குது, என்ன செய்ய?"

"அங்கேயே உக்காந்து சாப்பிட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"நாலு பேரு பாப்பாவள்லாம்மா."

"மருமகன் எங்க வாங்கினீங்கன்னு கேட்பாரே?"

"பாய் கடைன்னு சொல்லிருவேன்." துளியும் வெட்கமில்லாமல் சொன்னார். பிறகு குனிந்து, "பேத்திக்குக் காதுகுத்து வருது. அந்தப் பிள்ள நம்பர் இருக்கா? அண்டாவ வாசல்ல எறக்கிட்டுப் போயிட்டாப் போதும். யாரு சமைச்சதுன்னு வெளிய தெரிய வேண்டாம்."

இது அவளுக்கு நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? சத்தியமாக எனக்குப் புரியவில்லை. இதை நான் முடிவு செய்யக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. அவளையே கூப்பிட்டு, அவர் சொன்னதை அப்படியே சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, சமைக்கேன். ஆனா அண்டாவுல எம்பேரு வெட்டியிருக்கே?"

அண்ணாச்சி போனருகே வாயைக் கொண்டுவந்தார். "அதுமேல ஒரு துணியச் சுத்திரு தாயி."

"தம் போட்ட தணலு மூடிமேல கெடக்கும்லா அண்ணாச்சி, துணியச் சுத்துனா தீப்பிடிச்சிரும். பேரு தெரியட்டும். சம்மதம்னா சொல்லுங்க, வாரேன்."

பஸ் கரிவலம்வந்தநல்லூரில் நின்றது. அண்ணாச்சி பார்சலை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து படிவரை போனார். அங்கேயே நின்று, என் கையிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் லைனில் இருந்தாள்.

"என்ன அண்ணாச்சி," கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எறங்குதியளா, இல்லியா?"