மேஸ்திரி மூஞ்சி வைத்த முனியப்பன்

காப்பிப் பழம் பறிக்கும்போது மேஸ்திரி ஒரு பெண்ணை மட்டும் பிரித்து ஓடைச் சரிவுக்கு அனுப்புவான். கொஞ்ச நேரம் கழித்து மேற்பார்வைக்கு இறங்குவான். திரும்பி வந்தவளை நாங்கள் எதுவும் கேட்டதில்லை.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொன்னோம். "கூட்டமாப் போங்க" என்றார். பிரிப்பதே மேஸ்திரிதான் என்றோம். "அப்ப அவருகிட்டயே சொல்லுங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை என் முறை வந்தது. கூடையை அவன் மூஞ்சியில் வீசிவிட்டு ஓடி வந்தேன். கொட்டின பழத்தைத் திங்கட்கிழமை நானே தனியாகப் போய்ப் பொறுக்க வேண்டும் என்றான்.

ஞாயிறு எல்லோரும் சந்தைக்குப் போனார்கள். நான் ஓடைக்குப் போனேன். செம்மண்ணில் காப்பித் தொலியைப் போட்டு மிதித்து, இடுப்பு உயரத்துக்கு அவனைச் செய்தேன். முறுக்கு மீசை, முட்டைக் கண், கையில் பிரம்பு. மண்டையில் அடித்து உடைக்கத்தான் செய்தேன். ஈர மண் உடையாது, அமுங்கும். காயட்டும் என்று விட்டு வந்தேன்.

திங்கட்கிழமை போனால் அதற்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். சந்தையிலிருந்து ஓடை வழியாகத் திரும்பிய பக்கத்துக் கிளியூர்க்காரர்கள் மீசையையும் கண்ணையும் பார்த்து முனியப்பன் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு கிளியூர் அக்கா சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள். மேஸ்திரி இறங்கி வந்தான்.

"ஏனுங்க, செருப்பக் கழட்டுங்க. முனி எறங்கியிருக்குது" என்றாள் அக்கா.

கழற்றினான். குனிந்து பார்த்தான்.

"மொகத்துல நொம்பக் களை" என்றான்.

"எங்கியோ பாத்த மொகமாட்டம் இருக்குதுங்க" என்றேன்.

"சாமின்னா அப்புடித்தான் கண்ணு இருக்கும்."

"பொம்பளைங்க மேல கை வெச்சவன் இந்த எல்லைய மிதிச்சா ரத்தம் கக்கிருவானுங்க. பொல்லாத முனி" என்றாள் அக்கா, சாதாரணமாக.

மேஸ்திரி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். செருப்பை எடுக்கக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு மேலே நின்று சத்தம் போடுவதோடு சரி.

சாமியாகிவிட்டதை என்னால்தான் உடைக்க முடியாமல் போயிற்று. அவன் மூஞ்சியைத் தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கினேன். லைன் வீடுகளில் சில பெண்கள் அது யார் மூஞ்சி என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களும் கும்பிட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. அவன் வேறு எஸ்டேட்டுக்குப் போனான். புது மேஸ்திரிக்குச் சப்பை மூக்கு. வந்த மூன்றாம் நாள் ஒருத்தியைப் பிரித்து ஓடைப் பக்கம் அனுப்பினான்.

மேலே போட்டிருந்த கீற்று ஒழுகி, மழையில் சாமியின் மூக்கு கரைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை புது மூக்குக்கு மண் மிதித்தேன்.