அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி

எங்க சபையில பாதிரியாரை ஐயர்னுதான் கூப்பிடுவாங்க. திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த சனங்க, அந்தப் பழக்கம் இன்னும் போகலை. அதனால நான் ஐயரம்மா. பேருதான் பெருசு. சபை கொடுத்த குருமனையில மழை வந்தா எந்தச் சட்டியை எங்கே வைக்கணும்னு கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்.

அந்த ஜூலையில, சக்குபள்ளத்துக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போன பொண்ணு செத்துப்போனா. எங்க சபைக்காரிதான், பாட்டுக்குழுவில முன்வரிசை. மருந்தடிச்ச மறுநாளே அந்தச் செடிகளுக்குள்ள இறக்கிவிட்டிருக்காங்க. மத்தியானம் வாந்தி, மூச்சு முட்டல். ஜீப்பில ஏத்திக்கிட்டுப் போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. ஜீப்பைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துட்டாங்க. டாக்டர் எழுதின காகிதம்னு ஒண்ணும் கிடையாது.

அடக்கம் பண்ணினா சபைப் பதிவேட்டில எழுதணும். பேரு, வயசு, தேதி, கடைசியில 'மரணத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம். முன்னாடி இருந்த ஐயர்மாருங்க நெஞ்சுவலி, முதுமைன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. எங்க வீட்டுக்காரர், 'தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் வேலை செய்ததால் மூச்சடைப்பு'ன்னு எழுதினார். அவ புருஷன் நஷ்டஈடு கேட்டு மனு போடப் போறதாப் பேச்சு. அவனுக்குச் சாட்சின்னு இருந்தது அந்த ஒரு வரிதான்.

தோட்டத்து முதலாளிதான் எங்க சபைக் கமிட்டிச் செயலாளர். கோயில்ல டைல்ஸ் அவர் போட்டது, மைக் செட் அவர் வாங்கினது. அந்த வரியை மாத்தச் சொல்லி வந்து கேட்டார். எங்க வீட்டுக்காரர், "அண்ணே, காப்பி ஆறிரும், குடிங்க"ன்னார். வரியை மாத்தலை.

அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரர் கோட்டயத்துக்கு மீட்டிங் போனார். அன்னைக்குக் காலையிலேயே முதலாளி வந்துட்டார்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்ங்கிற கதையா இருக்கு, ஐயரம்மா. நீங்களாவது வீட்டைப் பாருங்க."

மகள் பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷமா வீட்டில இருந்தா. நர்சிங் படிக்கணும்னு ஆசை. மார்க் இருந்துச்சு, ஃபீஸ் கட்டப் பணம் இல்லை.

"பெங்களூர்ல பாப்பாவுக்கு இடம் ரெடி. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் என் பொறுப்பு. அந்த வரியை அடிச்சுட்டு நெஞ்சுவலின்னு எழுதிடுங்க. ஐயர் கையெழுத்தைத்தான் நீங்க அவரைவிட நல்லா போடுவீங்களே. சாயங்காலம் டிரைவர் வந்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்குவான்."

போடுவேன்தான். இருபது வருஷமா ஞானஸ்நானச் சான்றிதழ்ல பாதி நான் போட்டது.

எனக்கு வாய் நீளம்னு சபையே சொல்லும். அன்னைக்கு அவரோட சண்டை போடலை. கோபமும் வரலை. அவர் குடிச்ச தம்ளரைக் கழுவிக் கவுத்தினேன். செய்யறதுன்னுதான் நினைச்சேன், மறைக்க என்ன இருக்கு. செத்தவ திரும்பியா வரப்போறா? என் மகள் உயிரோட இருக்கா.

மேஜையில பதிவேட்டை விரிச்சேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த மகள் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. எங்க வீட்டுக்காரர் திருத்தினா ஓரத்துல எப்படிக் கையெழுத்துப் போடுவார்னு பார்க்கப் பழைய பக்கங்களைத் திருப்பினேன். ஈரத்துல ஒட்டியிருந்த ரெண்டு தாளைப் பிரிச்சப்போ என் மகன் பேரு இருந்துச்சு.

எட்டு மாசக் குழந்தை. செத்துப் பதினோரு வருஷம். அந்தப் பக்கத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. காரணக் கட்டத்துல எங்க வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: 'காய்ச்சல். தகப்பன் ஜெபக்கூட்டத்தை விட்டு வராததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதம்.'

இதையேதான் நான் வருஷக்கணக்கா அவர் முகத்துக்கு நேரா கத்தியிருக்கேன். "உங்களாலதான் போச்சு, உங்களாலதான்"னு. ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசமாட்டார். கல்நெஞ்சுக்காரர்னு நினைச்சிருந்தேன். நான் கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மனுஷன் எழுதி வச்சுட்டார்.

மகள் விரலை வச்சு அந்த வரியை வாசிச்சா.

"இது அப்பா எழுதினதாம்மா?"

"ஆமா."

இன்னொரு தடவை வாசிச்சா. அப்புறம் என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூடினா. "டிரைவர் அண்ணன் வந்தா நான் பேசிக்கிறேன்"ன்னா.

சாயங்காலம் வாசல்ல அவ குரல் கேட்டுச்சு. "எங்க அப்பா எழுதினது சரிதான்னு சொல்லிடுங்கண்ணே." நான் அடுப்படியில நின்னேன். அழுகை வரலை, பெருமையும் வரலை. மரத்துப்போச்சு, அவ்வளவுதான். இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு.

பெங்களூர் இடம் போச்சு. மகள் குமுளியில ஒரு ஏலக்காய்க் கடையில வேலைக்குச் சேர்ந்தா.

அவ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின நாள், செத்துப்போன பொண்ணோட புருஷன் அந்தப் பதிவுக்கு நகல் வாங்க வந்தான். மகள்தான் பார்த்து எழுதிக் கொடுத்தா, ஒரு எழுத்து விடாம. எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"பாப்பா எப்போ நர்சிங் சேர்ற?"ன்னு அவன் கேட்டான்.

"இல்ல சித்தப்பா, கடையில வேலை கிடைச்சிருக்கு."

"அதுவும் நல்லதுதாம்மா"ன்னு சொல்லிட்டு, காகிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு இறங்கிப் போனான். அவனுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லலை.