கிரேஸுக்குக் கொண்டுபோன சுறாவறை

நேற்று பாட்டனி டவுன்ஸில் ஒரு மீன்பொரியல் கடைக்குள் நுழைந்தேன். லெமன் ஃபிஷ் எண்ணெயில் விழுந்த மணம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சுறாதான். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். மீனில் பிழையில்லை, என்மேல்தான் எனக்கு அருவருப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, மனுரேவாப் பக்கம் உறைந்த பட்டாணி பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஊரில் நான் சுகாதாரப் பாடம் படிப்பித்த ரீச்சர், நம்புங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் சாம்பியாக்காரி கிரேஸ். அவளுக்குப் பெண்குழந்தை பிறந்ததும் இந்த யாழ்ப்பாணத்துக்காரி சும்மா இருப்பாளா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளிப்பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு வறை செய்து, ஒன்றுவிட்ட ஒருநாள் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடவே கேட்காத புத்திமதியும். புட்டிப்பால் கொடுப்பவள் என்ன தாய் என்று என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டும்விட்டேன்.

அன்றைக்கு அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள், தனக்கு எச்.ஐ.வி. என்று. தாய்ப்பாலில் தொற்றிவிடும் என்பதால் டாக்டர் மறித்துவிட்டாராம். அவள் ஊரில் பிள்ளை பெறாதவளுக்கு மதிப்பில்லை. நோயோடு பெற்றால் பாவி. புட்டியை எடுத்தாலோ தெருவே காரணத்தை ஊகித்துவிடும். அந்தப் பயத்தில் பால் கொடுத்துத்தான் அவளுடைய அக்கா பிள்ளையைப் பறிகொடுத்தாளாம். இங்கே யாரும் புட்டியைப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றரை வயதில்தான் கடைசி இரத்தப் பரிசோதனை, அதுவரை நெருப்பில் நிற்கிறேன் என்றாள்.

இரண்டு நாள்தான் வாயை மூடியிருந்தேன். ரயிலில், எங்களோடு வேலை செய்த தமிழ்நாட்டு வசந்தியிடம் கொட்டிவிட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"ஐயையோ, அவ கப்புலயா நாம டீ குடிச்சோம்?"

கிரேஸ் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, தொழிற்சாலைத் தேநீர் அறையில் அவளுடைய கோப்பை தனியாக, ஜன்னலோரத்தில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று எப்போதோ அவளுக்குச் சொல்லியிருந்தேன். அன்று, சுறாவறை கொண்டுபோன என் டப்பாவில் வறுத்த கச்சான்கடலை நிரப்பித் தந்திருந்தாள். தொட்டால் தொற்றாது என்று கரும்பலகையில் எழுதிய இந்த ரீச்சர் என்ன செய்தாள் தெரியுமா? டப்பாவோடு குப்பைப் பையில் போட்டுவிட்டு டெட்டோலில் கை கழுவினாள். தூ!

அந்தக் கோப்பையை அவள் பார்த்தாள். பிறகு வேலைக்கு வரவில்லை.

இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் வரிசைவீடுகள். வசந்தி பெர்த்துக்குப் போய்விட்டாள். ஒழுங்காக மாத்திரை எடுக்கும் தாய்மார் நோயில்லாத பிள்ளைகளைப் பெறுகிறார்களாம், நல்லது. கிரேஸின் மகளுக்கு ஒன்றரை வயதான நாள் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அன்று முழுக்க டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன், அவளுக்கு ஒரு அழைப்பு எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்தபோது, அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது ஒரு குரல். பிள்ளை தப்பியதா என்று கேட்க எனக்கு வேறு ஆளில்லை.