சுருட்டைக்கு ஒரு சித்தி மகள்

சுருட்டை என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது ஒரு கோள் வழியாகத்தான். என் தம்பிக்கு அப்போது கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு அம்மாள் உண்டு. பக்கத்து நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து, எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, சொந்தபந்தங்களின் கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போவாள். கோள் அத்தை என்றே அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அன்றைக்கு அவள் கொண்டுவந்த சேதி, அவள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் மகளைப் பற்றியது.

"எங்க சுருட்டை இருக்காளே, அவ நேத்து பஸ் ஸ்டாப்புல நின்னு சிரிச்சிருக்கா," என்றாள்.

யாரோடு என்று என் அம்மா கேட்டாள்.

"தனியாத்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் போன பிறகு நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெண்ணுக்கு அது சிரிப்பாக முடியவில்லை. கண் பரிசோதிக்கும் படிப்புக்கு இடம் கிடைத்து வந்தவள் அவள். அத்தை வீட்டில் தங்குவதாக இருந்தால்தான் படிப்பு என்று அவளுடைய அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். எத்தனை மணிக்கு வந்தாள், எந்தத் தோழியோடு நடந்தாள், எந்த நிறத் துப்பட்டா போட்டாள் எல்லாம் அன்றன்றே அப்பாவுக்குப் போய்விடும். பாதிப் படிப்பில் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தனியாகச் சிரிக்கிற பெண்ணைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது கோள் அத்தையின் தீர்ப்பு. மாப்பிள்ளையையும் அவளே பிடித்தாள். அந்த மாப்பிள்ளை என் தம்பி. இப்படித்தான் சுருட்டை எனக்குத் தம்பி பெண்டாட்டி ஆனாள்.

என் தம்பி நல்லவன். பஸ் டிப்போவில் உதிரிபாகங்கள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாளன். எந்தப் பொருளையும் அதனதன் இடத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பெண்டாட்டி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அவனோ கண்ணாடி போடமாட்டான். செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பான். அதனால் நான் எழுதுகிற இதை அவன் படித்துவிடுவானோ என்ற கவலை எனக்கு இல்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சுருட்டை அந்தக் கடையில் சேர்ந்தாள். படிப்பு பாதியில் நின்றதால் கண் பார்க்க அவளை விடமாட்டார்கள். உள்ளே ஒரு இருட்டறை, அதற்கு ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் எழுத்துப் பலகையை வெளிச்சம் போட்டுக் காட்டிக் கண் பார்க்கும் பெண். இந்தப் பக்கம், முகத்துக்குப் பொருந்தும் பிரேமை எடுத்துக் கொடுப்பது, காது வளைவைச் சூடுகாட்டி வளைப்பது, மூக்குப் பட்டையை இறுக்குவது, இதெல்லாம் சுருட்டை. உள்ளே உட்காரும் பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் முன்னவளை விடச் சின்னவள். சுருட்டைக்கு ஒருத்தியையும் பிடித்ததில்லை. ஒருத்தி குரல் கரகரப்பு, ஒருத்திக்கு அவசரம், ஒருத்தி வாசனைத் திரவியத்தில் குளிக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லித் தீர்ப்பாள். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருப்பவள். யார் என்ன சொன்னாலும் கடைசியில் மாடிப்படி ஏறி என்னிடம்தான் வரும்.

அவள் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும். மண்ணையும் நீரையும் சோதிக்கும் படிப்பு முடித்து, ஒரு சோதனைக்கூடத்தில் வேலையில் இருந்தாள். மேலே படிக்க வெளிநாடு போகப் போகிறேன் என்றாள். அப்பன் தலையாட்டினான். ஒருநாள் மத்தியானம் பாப்பா மாடிக்கு வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நம்ம ஆளுங்க யாருமே இல்லாத நாடு எது?"

நாடுகளின் பெயர் எனக்கு வாயில் நுழையாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் அத்துப்படி. எனக்கு ஒரு நாடு கொழுந்தன் மகன் நாடு, இன்னொன்று ஓரகத்தி தங்கை நாடு, மற்றொன்று பெரியப்பா பேரன் நாடு. பாப்பா கைபேசியில் படம் காட்டிக் காட்டிப் பெயர் சொன்னாள். நான் ஆள் சொன்னேன். ஆள் சொன்னதும் அந்த நாட்டை விட்டுவிடுவாள். ஒரு நாட்டில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மாமா மட்டும் இருக்கிறார், அது பரவாயில்லையே என்றேன். பேசாதவங்கதான் அத்தை அதிகமா கவனிப்பாங்க என்று அதையும் ஒதுக்கினாள். கடைசியில் ஒரு நாடு மிஞ்சியது. எங்கோ வடக்கே, குளிர்காலத்தில் மத்தியானமே பொழுது சாயுமாம். நான் எவ்வளவோ துழாவிப் பார்த்தேன்.

"அங்க நம்ம ரத்தத்தைக் குடிச்ச கொசுகூட இல்லடி," என்றேன்.

பாப்பா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

அன்று மாலையே சுருட்டைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். அவளோ அந்த நாட்டில் பத்து வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள் மாதிரிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் குளிரில் தோல் வெடிக்கும், அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அந்த ஊர் ரொட்டி கல். எங்கே பார்த்தாய் என்றால் அடுத்த குறைக்குத் தாவிவிடுவாள். பாப்பா ஒரு பெட்டி வாங்கினால் நிறம் சரியில்லை. வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதிய பரீட்சையில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்து காட்டினால், இப்பல்லாம் எல்லாருக்கும் அள்ளிப் போடுறாங்க என்பாள். கடைக்கு வெளிநாடு போகும் பெண்கள் வந்தால், அவர்கள் மூக்குப் பட்டையை இன்னும் ஒரு திருகு திருகி விடுவாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், வெட்கமே இல்லாமல்.

ஒருநாள் நான் வாளி கேட்கக் கீழே இறங்கினேன். பாப்பா ஒரு தோழியிடமிருந்து வாங்கி வைத்திருந்த தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு சுருட்டை கண்ணாடி முன் நின்றிருந்தாள். வெளியே கொளுத்தும் வெயில். கழுத்துவரை பொத்தான் போட்டு, இரண்டு பைக்குள்ளும் கையை விட்டு, யாரோ காத்திருக்கிற இடத்துக்குப் போகிறவள் மாதிரி அறைக்குள்ளேயே நடந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"தோள்கிட்ட பிடிக்குது அண்ணி. அவளுக்கு எப்படிச் சரியா இருக்கும்?"

பிடிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவள், ஈரச் சேலையைத் தோளில் போட்டபடி நின்றுவிட்டாள்.

"வயிறு எரியுது அண்ணி. வேற யாருமேலயும் இல்ல, பெத்த மகமேல."

"சும்மா இருடி. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க."

"எனக்கும் அந்த வயசு இருந்துச்சு. யாருமே இல்லாத இடம் வேணும்னு கேக்கலாம்னுகூட எனக்குத் தோணல. அவளுக்குத் தோணுது பாருங்க. அதான் தாங்க முடியல." சேலையை உதறினாள். "நீங்க இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த நாட்ல ஒருத்தராவது இருப்பாங்க. இருந்தா உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

மகளுக்கும் ஒரு கோள் அத்தையைத் தேடிக்கொடு என்று கேட்கிறாள். எனக்குப் புரிந்தது. கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதோடு, ஐந்தாவதோடு பள்ளியை விட்டு நின்ற எனக்கு, பட்டம் வாங்கிய பாப்பாவைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் செய்யாது என்றா நினைக்கிறீர்கள்? அதனால் சுருட்டையைத் திட்ட வாய் வரவில்லை. அவள் கேட்டபடி யோசித்தும் பார்த்தேன். சம்பந்திகள், சம்பந்திகளின் சம்பந்திகள் வரைக்கும் போய் வந்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

ஆள் தேவைப்படவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் தம்பியே ஆரம்பித்தான். யாரும் இல்லாத நாட்டுக்குத் தன் மகளை அனுப்புவதாக இல்லை என்றான். பெரியப்பா பேரனிடம் பேசிவிட்டானாம். அவர்கள் வீட்டில் மாடியறை காலியாக இருக்கிறதாம், அங்கே தங்கிக்கொண்டு அதே படிப்பைப் படிக்கலாமாம். பேரன் பெண்டாட்டி, காலையில் கொண்டு விட்டு மாலையில் தானே அழைத்து வருகிறேன் என்று சொன்னாளாம். வார முடிவுக்குள் பேரன் நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும் என்றான்.

பாப்பா கையைத் தட்டிலேயே வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் சுருட்டையைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் கரண்டியால் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது கேட்டபடியே நடந்துவிட்டது.

தம்பி அதோடு நிறுத்தியிருந்தால் பாப்பா இன்று அந்த மாடியறையில்தான் இருந்திருப்பாள். அவன் மகளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வார்த்தை சொன்னான்.

"உங்க அம்மாவும் சொந்தக்காரங்க வீட்ல தங்கித்தான் படிச்சா. கெட்டா போயிட்டா?"

சுருட்டை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாப்பா சொல்ற நாட்ல எனக்கு ஒரு சித்தி மகள் இருக்கா," என்றாள்.

"யாரு?"

"எங்க அம்மாவோட தங்கச்சி மகள். எனக்குச் சின்னவ. கண்ணாஸ்பத்திரியில வேலை பாக்குறா."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீங்க எங்க வீட்டுப் பக்கம் யாரைப் பத்திக் கேட்டீங்க?"

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, உனக்குத் தெரியுமா?"

சுருட்டையின் அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூன்றும் ஆண். தங்கையும் கிடையாது, அந்தத் தங்கைக்கு மகளும் கிடையாது. பாப்பா தாயைப் பார்த்தாள், தாய் என்னைப் பார்த்தாள்.

"சுருட்டை வீட்டு வழி எனக்கு அவ்வளவா பிடிபடாதுப்பா," என்றேன். பிறந்ததிலிருந்து நான் அப்படி ஒரு பதிலை யாருக்கும் சொன்னதில்லை.

உடனே பேசவேண்டும் என்றான் தம்பி. அங்கே இப்போது காலை, வேலையில் இருப்பாள், இங்கே இருட்டிய பிறகுதான் எடுப்பாள், நானே பேசிச் சொல்கிறேன் என்றாள் சுருட்டை. அன்று விளக்கு வைத்த பிறகு ஜன்னலோரம் நின்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் யாருமில்லை.

"ஆமாம்மா, அவதான்... உன்கூட வேண்டாமா? ஆமா, ஒத்தை அறைன்னா கஷ்டம்தான்... ஹாஸ்டல்ல தனி அறையா? அதுதான் நல்லதுன்னு நினைக்கிறியா... சரி... எத்தனை மணிக்குள்ள வரணும்? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையா..." இங்கே அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். நிஜமாகவே யாரோ சொல்வதைக் கேட்பது போலத்தான் இருந்தது. "நீ எப்படிம்மா இருக்க? தனியா இருக்கறது பயமா இல்லையா?... சரி. சரிம்மா. வச்சிடுறேன்."

வாரத்தில் ஒருநாள் வந்து பார்த்துக்கொள்வதாகச் சித்தி மகள் ஒப்புக்கொண்டாள் என்று கணவனிடம் சொன்னாள். சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றதும் தம்பிக்குப் பூட்டுப் போட்ட நிம்மதி. பாப்பா போய்ச் சேர்ந்தாள்.

சுருட்டையின் பொறாமை அதோடு தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். ஏரிக்கரையில் ஒரு பொழுது முழுவதும் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று பாப்பா போனில் சொன்னால், இந்தா அப்பாகிட்ட பேசு என்று கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். பிறகு பாத்திரம் விளக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். தம்பி ஒவ்வொரு வாரமும் சித்தி வந்தாளா என்று மகளைக் கேட்பான். வந்தாங்கப்பா என்பாள் அவள். இந்தப் பக்கம் சுருட்டை ஒன்று சேர்ப்பாள், அந்தப் பக்கம் பாப்பா ஒன்று சேர்ப்பாள். இப்படியே அந்தச் சித்தி மகளுக்கு ஒரு வாழ்க்கையே வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, பெரிய ஜன்னல். சைக்கிளில் ஆஸ்பத்திரி போகிறாள். இருட்டறையில் உட்கார்ந்து கண் பார்க்கிறாள், வரிசையில் நிற்பவர்கள் வேறு யாரிடமும் கண் காட்டமாட்டார்களாம், அவள் வந்த பிறகுதான் உட்காருவார்களாம். லீவு நாளில் நீச்சல். இதெல்லாம் யாருடைய ஆசை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"உன் சித்தி மகள் கொடுத்து வச்சவ," என்றான் தம்பி ஒருநாள்.

"ஆமா," என்றாள் சுருட்டை. அந்த ஒரு சொல்லில் இருந்த எரிச்சலை நான் மகள் விஷயத்தில்கூட அவளிடம் கேட்டதில்லை. இல்லாத ஒருத்தியின் மேல் அப்படிப் பொறாமைப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

போன வருஷம் கடை முதலாளி வேறொரு ஊரில் இரண்டாவது கடை திறந்தார். யார் போகிறீர்கள் என்று கேட்டாராம். குடும்பக்காரிகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். சுருட்டை, மூன்றரை மணி நேரப் பயணம், தங்கித்தான் வேலை பார்க்கவேண்டும் என்று தெரிந்தும், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் பெரிய சண்டை. யாரைக் கேட்டுச் சொன்னாய் என்றான் தம்பி. யாரையும் கேட்கவில்லை என்றாள். பாப்பா போனில் அப்பாவிடம் நிறையப் பேசினாள். தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு டீ போடக் கற்றுக்கொண்டான். சாப்பாடு நான் கொடுக்கிறேன்.

சுருட்டை இப்போது, எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத அந்த ஊரில், கடைக்கு மேலே உள்ள அறையில் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிப் போகிறாள்.